தலைவர் பீரோ மேல் ஏறவில்லை

"என் கதையக் கேட்டுட்டு, கதைக் கழகத் தலைவர் பீரோ மேல ஏறிட்டார். பட்டப்பகல்ல. செருப்பக்கூடக் கழட்டல."

லிஃப்ட் மெக்கானிக் இதைச் சொன்னதும் சலூனே குலுங்கியது. முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் நுரை மூக்குக்குள் போய்த் தும்மல் வந்தது. சலூன்காரர் தொழில் தெரிந்தவர். தும்மலுக்கு முன்பே கத்தியை எடுத்துவிட்டார்.

சிரித்தவர்கள் மேல் குற்றமில்லை. அந்தத் தலைவரை அறியாதவர் இல்லை. மேடைக்குப் படி ஏறுவதற்கே இரண்டு பக்கமும் ஆள் தாங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும் நேரத்தில் ஒருவர் நன்றியுரை சொல்லி முடித்துவிடலாம். பீரோவோ இரும்பு பீரோ. நல்ல உயரமானவன் கையை நீட்டினாலும் அதன் உச்சியில் இருக்கும் தூசி விரலில் ஒட்டாது.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றார் சலூன்காரர்.

"பாத்தேன். மச்சானும் கூடத்தான் இருந்தார். கேட்டுப் பாருங்க."

மச்சான் மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவர். சம்பளம் நின்ற பிறகும் சந்தேகத்தை இலவசமாகத் தொடர்ந்துகொண்டிருந்தார். பொழுது விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

"நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்" என்றார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பீரோ மேல யாரும் ஏறி நான் பாக்கல. எதுவும் நடக்கல."

"சரி சார், உங்க முறை. காலர் பட்டனக் கழட்டுங்க."

"கழுத்துப் பக்கம் வேண்டாம். காதோரம் மட்டும் போதும்."

அனல் அடிக்கிற மத்தியானத்தில் மச்சான் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். எந்தச் சலூன் நாற்காலியிலும் கழுத்தைத் தர மறுத்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். சலூன்காரர் கத்திரியை எடுத்தார்.

மெக்கானிக்குக்கு இருந்த ஒரே சாட்சி இந்த மச்சான்தான். அந்தச் சாட்சியை நம்பி அவருடைய கதை தொங்கிக்கொண்டிருந்தது. கதையைவிட முக்கியமாக, அவர் மனைவியின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மெக்கானிக் வேலையில் இருந்த காலமெல்லாம் மாட்டிக்கொண்ட லிஃப்ட்டுகளைத் திறந்து, மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டவர். ஓய்வு பெற்ற பிறகு கை அரித்தது. ஒரு பேய்க்கதை எழுதினார். ஒரு லிஃப்ட், இல்லாத ஒரு மாடியில் நிற்கிறது. கதவு திறக்கிறது. இருட்டு. கேபிள் தரையில் இழுபடுகிற மாதிரி சர்ர், சர்ர் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு முதுகு வருகிறது. ஆள் திரும்பவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வருகிறது. கதை அவ்வளவுதான்.

இதை அவர் கூடத்தில் வாசிக்க, மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி கேட்டாள். முதுகு வருகிற இடத்தில் கத்தி நின்றது. அன்றைக்கு ஏற்றி வைத்த வராந்தா விளக்கை அதற்குப் பிறகு அவள் அணைக்கவே இல்லை.

மச்சானுக்கு அது போதாதா? சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு அவர் வைத்த பட்டம் 'பயந்தாங்கொள்ளி'. பலூனுக்குப் பயந்தவள், பல்லிக்குப் பயந்தவள், ஒரு முறை தன் கொட்டாவிக்கே பயந்தவள் என்று கல்யாண வீடுகளில் பட்டியல் போடுவார். இப்போது பட்டியலில் ஒன்று கூடியது.

"மாப்பிள்ள எழுதினதுக்கா பயந்த? அவர் எழுதின லீவ் லெட்டருக்கே அவங்க ஆபீஸ்ல யாரும் பயந்ததில்ல."

மனைவி கணவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏங்க, இத எந்தப் புஸ்தகத்துலயாவது போட வைங்க. நாலு பெரிய மனுஷங்க பயந்தாங்கன்னு தெரிஞ்சா எங்கண்ணன் வாய மூடும். என் ஆயுசுல ஒரு தடவ அது மூடி நான் பாக்கணும்."

கேட்டது நகையா, புடவையா? மெக்கானிக் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு கதைக் கழகத்துக்குப் போனார். பேய்க்கதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவரப் போவதாகக் கழகம் அறிவித்திருந்தது. எப்போது அறிவித்தார்கள் என்று கேட்கக் கூடாது. அறிவிப்புப் பலகையில் அந்த அறிவிப்பின் மேல் சிலந்தி மூன்று தலைமுறை குடியிருந்தது.

கழகம் ஐந்தாம் மாடியில். செயலாளர் வரவேற்றார். ஒல்லியான மனிதர். வலது சுண்டுவிரலில் நீளமாக நகம் வளர்த்திருந்தார். அந்த நகத்தால்தான் பக்கம் திருப்புவார், தேநீரில் விழுந்த கொசுவை எடுப்பார், பேசும்போது காற்றில் அடிக்கோடிடுவார்.

"இதெல்லாம் நம்ம தொகுப்புகள்" என்று அலமாரியைக் காட்டினார்.

மெக்கானிக் நகைச்சுவைக் கதைத் தொகுப்பை எடுத்தார். செங்கல் கனம். புரட்டினார். வாழ்த்துரை. அணிந்துரை. முன்னுரை. அணிந்துரைக்கு ஒரு மதிப்புரை. பதிப்புரை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த படம், நாற்காலி தனியாக ஒரு படம். நடுவில் ஒரே ஒரு பக்கம்: 'தகுதியான கதை கிடைக்கவில்லை.' பிறகு நன்றியுரை.

"கதையே இல்லையே சார்?"

"எப்படிப் போடுவோம்? தேர்வுக் குழு சிரிச்சாத்தானே நகைச்சுவைக் கதை. ஒருத்தரும் சிரிக்கல. தலைவருக்கு ஒரு தடவ உதடு லேசா அசைஞ்சுது. விசாரிச்சோம். பல் இடுக்குல பாக்கு மாட்டியிருந்துதாம்."

"சோகக்கதைத் தொகுப்பு?"

"பொருளாளர் அழுதார். ஆனா கதை வாசிக்கறதுக்கு முன்னாடியே அழுதுட்டார். அத எப்படி ஏத்துக்க முடியும்?"

"அப்ப பேய்க்கதைக்கு..."

"குழு பயப்படணும். உள்ளபடியே பயப்படணும். பயந்தோம்னு குழு தன் வாயால சொல்லணும். விதி அது." செயலாளர் நகத்தால் காற்றில் ஒரு கோடு போட்டார். "எங்க குழுவப் பயமுறுத்தறது சாமானியம் இல்ல சார். நாங்க கௌரவமானவங்க."

முதலில் பேய்த் தகுதிக் குழு. அதில் செயலாளரும் பொருளாளரும் தலைவரும் இருந்தார்கள். "உங்க பேய் செத்துப்போனதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்கள்.

"பேய்னாலே செத்ததுதானே சார்?"

"அது நீங்க சொல்றது. நாளைக்கு உயிரோட ஒருத்தர் வந்து 'என்னப் பேய்னு போட்டுட்டாங்க'ன்னு வாசல்ல நின்னா, அவருக்கு யார் காபி வாங்கிக் குடுக்கறது?"

அடுத்தது நாகரிகக் குழு. அதிலும் அதே மூவர். நாற்காலியை மட்டும் மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள். பேய் முதுகைக் காட்டுவது வாசகருக்கு அவமரியாதை என்றார்கள்.

"திரும்பிட்டா கதையே முடிஞ்சுடும் சார்" என்றார் மெக்கானிக்.

"அப்ப பக்கவாட்டுல வரட்டும். ரெண்டு தரப்புக்கும் மரியாதை."

மெக்கானிக் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுக் கதையை மாற்றாமலே கொடுத்தார். யாரும் கவனிக்கவில்லை. அங்கே கதையைப் படிக்கும் வழக்கம் கிடையாது. வாசிக்கச் சொல்லிக் கேட்கும் வழக்கம்தான்.

அதற்குப் பிறகு பயச்சூழல் குழு. பேய்க்கதையை வெளிச்சத்தில் கேட்டால் பயத்துக்கு நியாயம் கிடைக்காது என்று, பகல் கூட்டத்துக்குத் திரைகளை இழுத்துவிட்டார்கள். மின்விசிறிச் சத்தம் பயத்தைக் கெடுக்கும் என்று அதையும் நிறுத்தினார்கள். மூலையில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்று மட்டும். வேர்வை ஆறாக ஓடியது. கழக வரலாற்றில் உறுப்பினர்கள் ஒரு கதைக்காகச் சிந்திய முதல் வேர்வை அது.

பொதுமக்களில் ஒருவர் பார்வையாளராக வரலாம் என்றார்கள். மெக்கானிக் மச்சானை அழைத்துப் போனார். மச்சான் சந்தோஷமாக வந்தார். தங்கையின் பட்டியலுக்கு முத்திரை குத்துகிற நாள் அல்லவா.

எழுதியவர் வாசித்தால் குழுவின் மனம் சாயும் என்பதால் செயலாளர் வாசித்தார். தீர்மானம் வாசிக்கிற குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்து சொந்தக்காரர் பெயரைக் கூப்பிடுகிற குரல் மாதிரி இருந்தது.

"கதவு திறந்தது. சர்ர், சர்ர் என்று சத்தம் கேட்டது" என்று வாசித்தார் செயலாளர்.

அறைக் கதவு திறந்தது. சர்ர், சர்ர் என்று சத்தம் கேட்டது.

வந்தது கழகத்தில் தரை துடைக்கிற அம்மாள். ஈரத்தில் தன் கால் தடம் படக்கூடாது என்பதற்காக எப்போதும் பின்பக்கமாக நடந்துகொண்டே துடைப்பவர். இதை அந்த அறையில் யாரும் அறியமாட்டார்கள். அந்தம்மாள் தரை துடைப்பதை உறுப்பினர் எவரும் தலை திருப்பிப் பார்த்ததில்லை. காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததால் உள்ளே கூட்டம் நடப்பது அந்தம்மாளுக்கும் தெரியாது.

சிவப்பு வெளிச்சத்தில் ஒரு முதுகு உள்ளே வந்தது.

செயலாளர் வாசிப்பதை நிறுத்தினார். முதுகு நிறுத்தவில்லை. சர்ர் என்று ஒரு அடி. சர்ர் என்று இன்னொரு அடி. பொருளாளர் கத்தினார். முதுகு காதில் வாங்கவில்லை; மேஜையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. பொருளாளர் திரைச்சீலைக்குள் ஓடி, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, சுருட்டி நிறுத்திய பாய் போல ஆனார். தலைவர் நாற்காலி மேல் ஒரு கால், மேஜை மேல் ஒரு கால், அடுத்த கால் பீரோவின் உச்சியில். அத்தனை வருடத்து முழங்கால் வலி அந்த நேரத்தில் எங்கே போயிருந்தது என்பதை வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும். செயலாளரைக் காணோம். மச்சானையும் காணோம். மெக்கானிக் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். தைரியத்தால் அல்ல, கால் ஒத்துழைக்கவில்லை.

முதுகு மேஜையில் முட்டியது. திரும்பியது. அந்தம்மாள் இயர்போனைக் கழற்றி, மேலே பார்த்தார்.

"ஐயா, பீரோ மேல நேத்துத்தான துடைச்சேன். நம்பிக்கை இல்லன்னா சொல்லிடுங்க, நீங்களே ஏறிப் பாக்கணுமா?"

உச்சியிலிருந்து, தலை கூரையில் இடித்தபடி, தலைவர் ஒரே ஒரு சொல் சொன்னார்: "ஆய்வு."

ஆய்வு முடிந்ததும் முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது. மேலே மாட்டிக்கொண்டவர்களை இறக்குவது மெக்கானிக்கின் தொழில் என்பதால் அவரே தோள் கொடுத்து இறக்கினார். அதற்குள் செயலாளரும் மச்சானும் எங்கிருந்தோ வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கூட்டக் குறிப்பு வந்தது. 'தலைவர் அவர்கள் பீரோவின் மேற்பகுதித் தூய்மையை ஆய்வு செய்தார்கள். பொருளாளர் அவர்கள் திரைச்சீலையின் நீளத்தைத் தம் உடலால் அளந்தார்கள். செயலாளர் அவர்கள் மேஜைக் கால்களின் உறுதியைப் பரிசோதித்தார்கள். எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. கதை நிராகரிக்கப்படுகிறது.'

துடைக்கிற அம்மாளிடம் ஓடினார் மெக்கானிக். "பயந்தாங்களான்னு எனக்கென்னங்க தெரியும், அவங்க ஓடினப்ப நான் அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தேன். கேட்டதுக்கு ஐயா ஆய்வுன்னார்" என்றார் அந்தம்மாள். நியாயம்தான்.

அன்று சாயங்காலம் மச்சான் தங்கை வீட்டுக்கு வந்து காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "பாத்தியாம்மா, பெரிய மனுஷங்க ஒருத்தர்கூடப் பயப்படல. நீ ஒருத்திதான்."

அவள் எழுந்துபோய் வராந்தா விளக்கை அணைத்தாள். அப்புறம் சுவரோரமாக, கையில் டார்ச்சைக் கெட்டியாகப் பிடித்தபடி, அதைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக்குக்கு நிராகரிப்பு வலிக்கவில்லை, இதுதான் வலித்தது.

மறுநாள் செயலாளரிடம் போய் நின்றார். செயலாளர் விதிகளைப் புரட்டினார். புரட்டக் கஷ்டப்பட்டார், சுண்டுவிரல் நகம் பாதியோடு ஒடிந்திருந்தது.

"ஒரு வழி இருக்கு. இதுவரைக்கும் யாரும் அந்த வழியாப் போனதில்ல. கழகத்துல சேராத பார்வையாளர், மதிப்பான உத்தியோகத்துல இருந்தவர், தானே சபையில நின்னு பயந்தேன்னு சொன்னா, குழு பயந்ததா எடுத்துக்கலாம். கதையப் போட்டே ஆகணும். ஆனா யார் சார் சபையில நின்னு அப்படிச் சொல்லுவா?"

மெக்கானிக் மச்சானிடம் கெஞ்சினார். "ஒரு வார்த்த சொல்லுங்க மச்சான்."

"பாக்காதத எப்படிச் சொல்றது?"

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான்."

"அங்கன்னா?"

"மாப்பிள்ள, டிக்கெட் கேக்கறது என் வேல. என்கிட்ட டிக்கெட் கேக்காதீங்க."

சலூனில் சிரிப்பு எழுந்தது இந்த நிலையில்தான்.

மெக்கானிக் கொடுத்திருந்த மேல்முறையீட்டுக்கு நாள் வந்தது. மனைவியும் கிளம்பினாள். "நானும் வரேன். பயந்தவ முகம் எப்படி இருக்கும்னு அவங்களும் பாக்கட்டும்" என்றாள். இருவரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கணவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏறினாள். மச்சான் ரொம்ப நேரம் கழித்து வந்தார். மூச்சு வாங்கியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"லிஃப்ட் ஓடுதே மச்சான்?"

"படி ஏறினா உடம்புக்கு நல்லது."

சுண்ணாம்பு வாங்கத் தெருமுனைக்குப் போவதானாலும் ஆட்டோ பிடிக்கிற மனிதர்.

தலைவர் எழுந்தார். எழுந்து முடித்ததும் பேசினார்.

"இந்தக் கழகம் ஏன் தலைநிமிர்ந்து நிற்கிறது? எந்தக் கதையாலும் நாங்கள் அசைந்ததில்லை. நகைச்சுவையைக் கேட்டோம், சிரிக்கவில்லை. சோகத்தைக் கேட்டோம், கலங்கவில்லை. காதல் கதைகளைக் கேட்டுத் தூங்கியிருக்கிறோம். ஆனால் குறட்டை விட்டதில்லை. கதை வந்து போகும். கழகம் இருக்கும். கதைகளைப் போட ஆரம்பித்தால் எங்கள் படங்களுக்குப் புத்தகத்தில் இடம் ஏது? அன்று நடந்தது ஆய்வு. ஆய்வைத் தவிர வேறில்லை."

பொருளாளர் கைதட்டினார். தலைவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மெக்கானிக்கின் மனைவி பக்கம் கையை நீட்டினார்.

"இந்தக் கதைக்கு இந்த அம்மா பயந்ததாகச் சொல்கிறார்கள். பயந்திருக்கலாம். பயந்தாங்கொள்ளிகள் எதற்கும் பயப்படுவார்கள். அடுப்படியில் பாத்திரம் விழுந்தாலும் பயப்படுவார்கள். அவர்களுடைய பயத்தை எல்லாம் புத்தகமாகப் போட முடியுமா?"

பொருளாளர் சிரித்தார். கழகத்தில் பதிவான முதல் சிரிப்பு அதுதான். ஆனால் நகைச்சுவைத் தொகுப்பு ஏற்கெனவே வெளிவந்துவிட்டது.

அவள் தலை குனிந்தாள். மெக்கானிக் எழுந்தார். அவருக்கு முன்பே பின்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது.

"ஐயா" என்றார் மச்சான். "அந்தப் பேர் நான் வெச்சது. என் தங்கச்சிய நான் சொல்லலாம். நீங்க சொல்றதுக்கு உங்ககிட்ட என்ன டிக்கெட் இருக்கு?"

"நீங்கள் யார்?"

"பார்வையாளர். மதிப்பான உத்தியோகத்துல இருந்தவன்."

செயலாளர் மெதுவாகக் கையை மேஜைக்கு அடியில் இறக்கினார். மச்சான் நடந்து முன்னால் வந்தார். காலர் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழுத்தைச் சுற்றிப் பிறை பிறையாகக் காய்ந்த தழும்புகள். யாரோ உயிர் போகிற பயத்தில் இறுக்கிப் பிடித்த தழும்புகள். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேஜை மேல் வைத்தார். உள்ளே ஒரு நீள நகத் துண்டு.

"ஆதாரம் இல்லாம நான் யாரையும் வண்டியிலேர்ந்து இறக்கினதில்ல. செயலாளர் சார், கைய மேல வைங்க. பொருந்துதான்னு பாப்போம்."

செயலாளர் கையை மேலே வைக்கவில்லை. தலைவர் பீரோவைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துவிட்டார்.

"தலைவர் ஏறினத நான் பாக்கல. அது பொய் இல்ல. மேஜைக்கு அடியிலேர்ந்து பீரோ உச்சி தெரியாது. சார் என் கழுத்தக் கட்டிக்கிட்டு 'அம்மா அம்மா'ன்னு அழுதார். நானும் அவரக் கட்டிக்கிட்டுத்தான் அழுதேன். நான் எங்கம்மாவக் கூப்பிட்டேன், அவர் அவங்கம்மாவக் கூப்பிட்டார்."



"அண்ணே" என்றாள் தங்கை. அவளுக்குச் சந்தேகம் வருவது அதுதான் முதல் தடவை. "நிஜமாவா? எனக்காகச் சொல்றியா?"

மச்சான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நடந்துச்சும்மா" என்றார். "எங்க வீட்லயும் அன்னையிலேர்ந்து வராந்தா லைட்ட அணைக்கறதில்ல."